சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கும் பூனைக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும்?

விலங்குக் காப்பகங்களில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. கம்பிக்கு அருகில் வந்து நிற்கும் பூனைக்கு வீடு கிடைக்கும். கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கும் பூனைக்குக் கிடைக்காது. தத்தெடுக்க வருகிறவர் ஒரு கூண்டின் முன் ஐந்து நிமிடம் நிற்கிறார். அதற்குள் ஒரு பூனை தலையைக் கம்பியில் உரசினாலோ, நீட்டிய விரலை முகர்ந்தாலோ, "இது நம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டது" என்று மகிழ்கிறார். அடுத்த கூண்டில் மணல் தட்டுக்குப் பின்னால் உடலைச் சுருக்கிக்கொண்டு கிடப்பதைப் பார்த்து, "இதற்கு மனிதர்களைப் பிடிக்காது போலும்" என்று ஒற்றை வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்கிறார். அந்தத் தீர்ப்பு தவறானது. ஆனால் தவறு அவருடையது மட்டுமன்று. ஐந்து நிமிடக் காட்சியை நம்பிப் பூனைகளைத் தத்துக்கொடுக்கும் நம் முறையே தவறானது என்பதுதான் இந்தப் பதிவின் வாதம். பதிவு சற்று நீளமானது. முடிவில் ஒரு கோரிக்கையும் இருக்கிறது. பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.

கொல்கத்தாவில் ஆய்வு மாணவராக வாழும் இந்த ஆண்டுகளில், பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளை நகரின் தென்விளிம்பில் உள்ள ஒரு காப்பகத்தில் கழித்துவருகிறேன். கூண்டு கழுவுவது, உணவு வைப்பது, மருந்து கொடுக்கும்போது பிடித்துக்கொள்வது ஆகியவையே அங்கு என் வேலை. என் ஆய்வுத் துறை வேறு. ஆயினும் எதையும் தேடிப் படித்துவிட்டுப் பேசும் பழக்கம் தொற்றிக்கொண்டதால், பூனைகளின் அச்சம் குறித்து வெளிவந்துள்ள ஆய்வுகளை வாசித்தேன். நூலகத்தில் படித்ததும் கூண்டுகளின் முன் கண்டதும் பெரும்பாலும் ஒன்றையே சொல்கின்றன.

இப்போது அங்கே மினு என்றொரு பெண்பூனை இருக்கிறது. சாம்பல் நிறம், கரும்பட்டைகள், ஏறத்தாழ ஐந்து வயது. கருத்தடை ஆகிவிட்டது, தடுப்பூசிகளும் போடப்பட்டுள்ளன. குட்டியாக வந்த நாள் முதல் ஒரு மூதாட்டியின் அடுக்ககத்தில், அவர் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்தது. அவர் காலமானதும், வீட்டைக் காலி செய்ய வந்த உறவினர்கள் அதைக் கூடையில் வைத்துக் காப்பகத்தில் ஒப்படைத்தார்கள். அவர்களை நான் குறைசொல்லமாட்டேன். தெருவில் இறக்கிவிட்டுப் போகாமல் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள். அன்றிலிருந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. அது பகலில் உண்டதை எவரும் கண்டதில்லை. இரவு வைத்த உணவு காலையில் பாதி குறைந்திருக்கும். "இந்தப் பூனையும் பால் குடிக்குமா?" என்று நாம் கேலியாகக் கேட்போமே, அந்தக் கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது: குடிக்கும், நாம் பார்க்கும்போது குடிக்காது. வந்தபோது நான்கு கிலோவுக்குச் சற்றே குறைவாக இருந்த எடை இப்போது மூன்றுக்கு இறங்கியிருக்கிறது. இதுவரை ஒன்பது குடும்பத்தினர் அந்தக் கூண்டின் முன் நின்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அதன் முகத்தைப் பார்த்ததில்லை.

இதே மினுவைப் பற்றி அந்த உறவினர்கள் சொன்ன தகவல் ஒன்றும் பதிவேட்டில் இருக்கிறது. மாலையில் மூதாட்டி வானொலியைப் போட்டதும் மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளுமாம். சமையலறையில் மீன் கழுவும் ஓசை கேட்டால் வீட்டின் எந்த மூலையிலிருந்தும் ஓடிவருமாம். மடியில் படுத்த பூனையும் சுவரைப் பார்த்து அமரும் பூனையும் ஒன்றேதான். இவற்றில் எதை அதன் இயல்பு என்று கொள்வது? கூண்டில் காண்பதை இயல்பு என்றும், வீட்டில் நடந்ததைப் பழங்கதை என்றும் நாம் எடுத்துக்கொள்கிறோம். மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் மனிதரைப் பார்த்து, "இவர் கலகலப்பாகப் பேசமாட்டார் போலும்" என்று முடிவுகட்டுவதைப் போன்றது இது.

நாய் ஆளோடு ஒட்டும், பூனை வீட்டோடு ஒட்டும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. ஆளோடு ஒட்டாத பூனை மடியைத் தேடியிருக்காது. எனினும் அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. வீட்டுப்பூனையின் மூதாதை மேற்காசியக் காட்டுப்பூனை என்பதை 2007இல் வெளியான மரபணு ஆய்வு நிறுவியது. தனித்து வேட்டையாடும் சிறிய விலங்கு அது. பெரிய விலங்குகளுக்கு இரையாகக்கூடியதும்கூட. கூட்டத்தின் பாதுகாப்பு இல்லாத அத்தகைய உயிருக்கு, இடத்தைப் பற்றிய அறிவே பாதுகாப்பு. எந்த வழியாக நுழையலாம், ஆபத்து வந்தால் எங்கே ஏறலாம், எங்கே ஒளியலாம் என்பதெல்லாம் தெரிந்த இடமே அதற்கு வீடு. கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் கன்னத்தை உரசித் தன் மணத்தைப் பூசிவைப்பது, அந்த அறிவுக்கு அது இடும் கையொப்பம்.

காப்பகத்துக்கு வரும் பூனை இவை அனைத்தையும் ஒரே நாளில் இழக்கிறது. கூண்டில் உரசி உரசி மீண்டும் மணத்தைப் பூசினாலும், மறுநாள் காலை நாங்கள் கழுவித் துடைத்துவிடுகிறோம். நம் ஊர்களில் பல இடங்களில் பினாயில் ஊற்றிக் கழுவுகிறார்கள். பீனால் வகைச் சேர்மங்களைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு என்பதால், அது மணத்தை அழிப்பதோடு நஞ்சாகவும் அமையக்கூடும். ஓசையையும் எண்ணிப் பாருங்கள். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூனையின் செவி 85,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும். பக்கத்து அறையில் குரைக்கும் நாய்களும், இழுக்கப்படும் இரும்புக் கதவும், தட்டுகளின் சத்தமும் நமக்கே எரிச்சல் தருபவை. ஓட வழியில்லாத ஓர் உயிருக்கு அவை எப்படி ஒலிக்கும்?

ஓட முடியாதபோது பூனை ஒளியும். ஒளிய இடமில்லாதபோது உறைந்துபோகும். மணல் தட்டுக்குள்ளேயே அமர்ந்துவிடும் பூனைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கூண்டில் சற்றேனும் மறைவு தருவது அந்தத் தட்டின் விளிம்பு மட்டுமே. சில பூனைகள் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடக்கும். கால்கள் உடலுக்கடியில் இறுகியிருக்கும். காது மட்டும் ஒவ்வோர் ஓசைக்கும் திரும்பும். கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டதாகப் பூனை நினைத்துக்கொள்ளுமாம் என்று நாம் சொல்லிவருகிறோம். காப்பகத்துப் பூனைக்கு அப்படிப்பட்ட மயக்கம் எதுவும் இல்லை. உலகம் இருண்டுவிடவில்லை என்று அதற்கு நன்றாகத் தெரியும். எதிர்த்து நிற்கவும் தப்பியோடவும் முடியாத நிலையில் அதனிடம் எஞ்சியிருக்கும் ஒரே தற்காப்பு அதுதான்.

இதை மனம் சார்ந்த சிறு சங்கடமாக ஒதுக்கிவிட முடியாது. பூனைகளில் பரவலாகக் காணப்படும் ஹெர்பீஸ் நச்சுயிரி ஒருமுறை தொற்றினால் உடலுக்குள் அடங்கிக் கிடந்து, மன அழுத்தம் ஏறும்போது மீண்டும் தலைதூக்கும். கண்ணில் நீர் வடியும், மூக்கு அடைபடும், மணம் தெரியாததால் உணவை வெறுக்கும். சில நாள்கள் தொடர்ந்து உண்ணாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். நோயுற்ற பூனையைத் தனிமைக் கூண்டுக்கு மாற்றுவார்கள். அது மீண்டும் ஒரு புதிய இடம், மீண்டும் அச்சம். அங்கே பார்வையாளர்களும் வருவதில்லை. அச்சத்தால் நோய், நோயால் தனிமை, தனிமையால் நீளும் காத்திருப்பு என்று இந்தச் சுழல் தொடர்கிறது. கூச்சமுள்ள பூனைக்கு வீடு தேடுவதை அவசரம் என்று நான் சொல்வது இதனால்தான்.

1997இல் கெஸ்லர், டர்னர் என்ற இரு ஆய்வாளர்கள், உரிமையாளர்கள் வெளியூர் செல்லும்போது பூனைகளை விட்டுச்செல்லும் விடுதிகளில் அவற்றின் மன அழுத்தத்தை ஏழு படிநிலைகளில் அளவிட்டார்கள். உடல் கிடக்கும் நிலை, காது, கண்மணி, வால், மூச்சு ஆகியவற்றைப் பார்த்தே மதிப்பிடக்கூடிய அளவுகோல் அது. இன்றும் காப்பகங்களில் பயன்படுகிறது. பெரும்பாலான பூனைகள் இரண்டு வாரங்களில் ஓரளவு பழகிவிட்டன. சிறு பகுதி பழகவே இல்லை. நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில் 19 புதிய பூனைகளைக் கொண்டு நடத்தி 2014இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் எளிமையானது. 10 பூனைகளுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள். 9 பூனைகளுக்குக் கொடுக்கவில்லை. மூன்றாம், நான்காம் நாள்களிலேயே பெட்டி பெற்றவற்றின் மன அழுத்தம் தெளிவாகக் குறைந்திருந்தது. மளிகைக் கடையில் தூக்கி எறியும் ஓர் அட்டைப்பெட்டி செய்யக்கூடிய வேலை அது. "பெட்டி வைத்தால் பூனை ஒளிந்துகொள்ளும், வருகிறவர்கள் கண்ணில் படாது" என்று நம் காப்பகங்களில் தயங்குகிறார்கள். பெட்டியில்லாத மினுவின் முகத்தையும்தான் எவரும் பார்க்கவில்லை.

இங்கே எழும் முதல் மறுப்பு: "இவ்வளவு அஞ்சும் பூனையை ஏன் அடைத்துவைக்க வேண்டும்? வெளியே விட்டுவிட்டால் தானே பிழைத்துக்கொள்ளாதா?" மழைக்காலக் குட்டிகள் வந்து கூண்டுகள் நிரம்பியுள்ள இவ்வேளையில், மினுவைப் பற்றிக் காப்பகத்திலேயே இந்தப் பேச்சு எழுந்திருக்கிறது. இது இரக்கமற்ற கேள்வியன்று. நேர்மையான விடைக்கு உரியது. ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் நடத்திய ஆய்வுகள், பூனைக்குட்டி மனிதரோடு பழகக் கற்கும் பருவம் பிறந்து ஏறத்தாழ இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை என்று காட்டின. அந்த வாரங்களில் மனிதக் கையே படாமல் வளர்ந்த பூனைக்கு வீடு ஒரு சிறை. அதற்குக் கருத்தடை செய்து, அது வாழ்ந்த அதே தெருவில் திரும்ப விடுவதே நியாயம். எல்லாப் பூனைக்கும் கூரை தேட வேண்டும் என்று நான் வாதிடவில்லை.

ஆனால் மினு அந்த வகையன்று. மனிதரோடு பழகக் கற்ற பூனை, தன் மனிதரை இழந்து நிற்கிறது. தெருவில் அதற்கென்று ஓர் எல்லை இல்லை. சாலையைக் கடக்கத் தெரியாது. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பூனைகளும் நாய்களும் அதை வரவேற்கப்போவதில்லை. சிக்கல் என்னவென்றால், கூண்டுக்குள் இருவகைப் பூனைகளும் ஒரே மாதிரி உறைந்து கிடக்கும். பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய முடியாது. அறிவதற்கு நாள்களும் அமைதியான அறையும் வேண்டும். முந்தைய வாழ்க்கையைப் பற்றிய குறிப்பு வேண்டும். ஆகவே பூனையைச் சேர்த்துக்கொள்ளும்போது, கொண்டுவருகிறவரிடம் பத்துக் கேள்விகள் கேட்டு எழுதிக்கொள்வது, எந்தப் பெரிய மருத்துவக் கருவியையும்விடப் பயன்தரும் என்பேன்.

தத்துக்கொடுக்கும் முறைக்கு வருகிறேன். நம் நகரங்களில் விடுமுறை நாள்களில் தத்தெடுப்பு முகாம்கள் நடக்கின்றன. பூனைகளைச் சிறு கூண்டுகளில் ஏற்றி, ஒரு கூடத்தில் வரிசையாக அடுக்கி, ஒலிபெருக்கியில் பாட்டும் போட்டுவிடுகிறார்கள். துணிச்சலான குட்டிகளுக்கு அது உதவும். அஞ்சும் பூனைக்கு அது தண்டனை. மற்றொரு வழி சமூக ஊடகக் காணொலி. சோகமான வயலின் இசை பின்னணியில் ஒலிக்க, "யாருமே இவளை விரும்பவில்லை" என்ற எழுத்துகள் திரையில் ஓடும். பார்ப்பவர் கண்கலங்கி, அன்றே அழைத்துச்செல்கிறார். அவரை இயக்கியது இரக்கம். இரக்கத்துக்குள் ஓர் எதிர்பார்ப்பும் ஒளிந்திருக்கிறது. காப்பாற்றப்பட்ட உயிர் நன்றியோடு மடியில் வந்து விழவேண்டும் என்பது அந்த எதிர்பார்ப்பு. ஆனால் பூனை மூன்று வாரம் கட்டிலுக்கடியிலேயே கிடக்கிறது. நான்காம் வாரம் கூடையோடு திரும்பி வருகிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். இப்படி ஒருமுறை திரும்பி வந்த பூனை, அடுத்த மனிதரை நம்ப இன்னும் நெடுங்காலம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே கண்ணீரை வரவழைக்கும் விளம்பரத்தைவிட, உள்ளதை உள்ளபடி சொல்லும் நான்கு வரிகள் மேலானவை என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் கூச்சமுள்ள பூனைக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும்? சுவாரசியமே இல்லாத வீடு வேண்டும். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைப் போலவே கழியும் வீடு. விருந்தினர் அதிகம் வராத வீடு. ஓடியாடும் சிறு குழந்தைகளும் குரைக்கும் நாயும் இல்லாத வீடு. ஓய்வுபெற்ற தம்பதியர், தனியாக வாழும் பெண்மணி, வீட்டிலிருந்தே பணிபுரியும் இளைஞர், பாதி நாளை மேசை விளக்கின் கீழ் கழிக்கும் ஆய்வு மாணவர் போன்றோரின் வீடுகளே பொருத்தமானவை. ஆனால் நம் தத்தெடுப்புப் படிவங்களைப் பாருங்கள். சொந்த வீடா, திருமணம் ஆனவரா, வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விகள் இவர்களில் பெரும்பாலோரை முதல் பக்கத்திலேயே வடிகட்டிவிடுகின்றன. வாடகைக்கு இருப்பவர் ஊர் மாறுவார், தனியாள் கைவிட்டுவிடுவார், முதியவர் இறந்துவிடுவார் என்பவை காப்பகங்களின் அச்சங்கள். அவற்றுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மினுவே அப்படி வந்த பூனைதான். அதற்குத் தீர்வு அவர்களை விலக்குவதன்று. தத்தெடுப்பவரால் இயலாமற்போனால் பொறுப்பேற்கும் இரண்டாம் நபர் ஒருவரின் கையொப்பத்தையும், வீட்டு உரிமையாளரின் சம்மதத்தையும் முன்கூட்டியே பெற்றுக்கொள்வதே தீர்வு. ஐந்து வயதுப் பூனை இன்னும் பத்தாண்டுகள் வாழக்கூடும். எழுபது வயதுக்காரருக்கும் அதற்கும் இடையே நல்ல பத்தாண்டு அமைவதை நாம் ஏன் தடுக்க வேண்டும்?

காப்பகங்களிடம் என் வேண்டுகோள், இத்தகைய பூனைகளைக் கூண்டிலிருந்து காட்டுவதை நிறுத்திவிட்டு, ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து காட்டுங்கள் என்பதே. தற்காலிகமாக வளர்த்துத்தர முன்வரும் ஒருவரின் வீட்டில் ஒரு சிறு அறை போதும். பயன்படுத்தாத குளியலறைகூடப் போதும். அங்கே சில வாரங்கள் இருந்தபின் பூனையின் இயல்பு தெரியவரும். அதற்குப்பின் எடுக்கும் ஒளிப்படமும் எழுதும் குறிப்பும் உண்மையைச் சொல்லும்; காப்பகத்திலும் ஒரு கூண்டு காலியாகும். "எத்தனையோ குட்டிகள் காத்திருக்க, ஒரு பூனைக்காக ஏன் இவ்வளவு பாடு?" என்று கேட்பவர்களுக்கும் இதுவே என் விடை. ஐந்து மாதம் மினு இருந்த கூண்டில் அடுத்தடுத்துப் பல குட்டிகள் தங்கி வீடு சேர்ந்திருக்கும். கூச்சமுள்ள பூனையைப் புறக்கணிப்பதன் இழப்பு மற்றப் பூனைகளையும் சேர்கிறது. சோதனைக் காலமாக ஒரு வாரம் கொடுக்கும் வழக்கத்தையும் மாற்ற வேண்டும். முதல் வாரத்தில் தெரிவது அச்சம் மட்டுமே; அதைக் கொண்டு பூனையை எடைபோடுவது நியாயமன்று. மூன்று மாதமாவது கொடுங்கள்.

அழைத்துச்செல்ல விரும்புகிறவர்களுக்கும் சில சொற்கள். வீடு முழுவதையும் திறந்துவிடாதீர்கள். முதலில் ஒரே ஓர் அறை போதும். பக்கவாட்டில் கவிழ்த்த அட்டைப்பெட்டி, உள்ளே பழைய துணி, ஒரு மூலையில் மணல் தட்டு, அதிலிருந்து தள்ளி உணவும் நீரும் வையுங்கள். கூடையைத் திறந்துவைத்துவிட்டு வெளியேறுங்கள். கையைவிட்டு இழுக்காதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், உறவினரைக் கூட்டிவந்து காட்டாதீர்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் உணவு வையுங்கள். மாலையில் அரைமணி நேரம் தரையில் அமர்ந்து, அதைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் எதையாவது வாசியுங்கள், செய்தித்தாளே போதும். முதல் நாள் முழுவதும் ஒன்றும் உண்ணவில்லையென்றால் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். சன்னல்களுக்கும் பால்கனிக்கும் வலை அடித்தபின்பே பூனையைக் கொண்டுவாருங்கள். கொல்கத்தாவின் பழைய வீடுகளில் உள்ள கம்பிச் சன்னல்கள் மனிதரைத் தடுக்கும், மூன்று கிலோ பூனையைத் தடுக்காது.

பார்க்க நேர்ந்தால், உற்றுப் பார்க்காமல் மெல்லக் கண்ணை மூடித் திறவுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வுகளில், மனிதர் இவ்வாறு மெல்ல இமைத்தபோது பூனைகளும் பதிலுக்கு இமைத்தன. காப்பகப் பூனைகளைக் கொண்டு செய்த ஆய்வில், அப்படிப் பதிலளித்தவை விரைவாக வீடு சேர்ந்தன. அந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது வேறொன்று: மனிதரிடம் அதிகம் அஞ்சும் பூனைகளே சற்று நீண்ட நேரம் இமைக்கும் போக்கைக் காட்டின. அஞ்சும் பூனை நம்மோடு பேச மறுப்பதில்லை போலும். அதன் குரல் தாழ்ந்திருக்கிறது. கேட்பதற்கு நாம்தான் நிற்பதில்லை.

அரசும் சட்டமும் இதில் எங்கே நிற்கின்றன? 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதன்முறை செய்பவருக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. பல ஆண்டுகளாகியும் அந்தத் தொகை உயரவில்லை. தேநீர்க் கடையில் கைமாறும் பணம் அது. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பு தெருநாய்களை எண்ணியது; தெருமாடுகளை எண்ணியது; பூனைகளை எண்ணவில்லை. நாய்களைப் பற்றி நீதிமன்றங்களிலும் தொலைக்காட்சிகளிலும் காரசாரமாக வாதாடுகிறோம். பூனை கணக்கிலேயே இல்லை. கணக்கில் இல்லாத விலங்குகளுக்குள்ளும் கண்ணில் படாத விலங்கு, கூச்சமுள்ள பூனை.

இத்தனைக்கும் பூனைக்கு மதிப்பளித்த மரபு ஒன்று இந்த வங்கத்திலேயே உண்டு. குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனைதான் வாகனம். படையலைத் தானே தின்றுவிட்டுப் பூனைமேல் பழிபோட்ட மருமகளின் கதையை, நோன்பு நாள்களில் பெண்கள் இன்றும் சொல்கிறார்கள். பேசமுடியாத உயிர்மேல் பொய்ப்பழி சுமத்தினால் தேவி கணக்குக் கேட்பாள் என்பது அந்தக் கதையின் அறம். பங்கிம் சந்திரரின் 'கமலாகாந்தேர் தப்தர்' 1875இல் நூலாக வந்தது; அதிலுள்ள ஒரு கட்டுரையில், தன் பாலைக் குடித்துவிட்ட பூனையோடு கமலாகாந்தன் அபின் மயக்கத்தில் வாதிடுகிறான். பசித்தவனைத் திருடனாக்கியது யார் என்று அந்தப் பூனை கேட்கும் கேள்விகளுக்கு அவனால் விடைசொல்ல முடிவதில்லை. இலக்கியத்துப் பூனை தன் வழக்கைத் தானே வாதாடும் வல்லமை பெற்றிருந்தது. கூண்டுகளின் முன் நாம் எதிர்பார்ப்பதும் அதையேதான்: கம்பிக்கருகே வந்து தன் தரப்பைத் தானே சொல்ல வேண்டும் என்கிறோம். அப்படிச் சொல்ல இயலாதவற்றின் பொருட்டு வாதாடும் கடமை நமக்குண்டு.

இப்போது கோரிக்கை. துர்கா பூஜை நெருங்குகிறது. பந்தல்களில் டாக் முழங்கத் தொடங்கிவிடும். அதன்பின் காளி பூஜை இரவின் வெடிகள். மூன்று கிலோவில் நிற்கும் மினு அந்த வாரங்களைக் கூண்டுக்குள் தாங்குமா என்று மருத்துவரே ஐயப்படுகிறார். கொல்கத்தாவில் வாழும் தமிழ் நண்பர்களும், லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாகக் குடியிருக்கும் நம்மவர்களும், இந்தப் பதிவை வங்காளி நண்பர்களுக்கு எடுத்துச்சொல்லக் கூடியவர்களும் உதவ வேண்டும். நிரந்தர வீடு கிடைத்தால் மகிழ்ச்சி. இல்லையேல், மூன்று மாதத்துக்கு ஓர் அறை தரும் ஒருவர் போதும். உணவு, மணல், மருத்துவச் செலவு ஆகியவற்றை நாங்கள் சிலர் பகிர்ந்துகொள்கிறோம். வலை அடித்துத்தரவும் ஆள் இருக்கிறார்.

மினுவைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். முதல் சில வாரங்கள் அது உங்கள் கண்ணில் படாது. பெயர் சொல்லி அழைத்தால் வராது. தூக்கினால் நடுங்கும், ஆனால் இதுவரை எவரையும் கடித்ததில்லை, பிறாண்டியதில்லை. மீன் பிடிக்கும். ஓசை பிடிக்காது. மாலையில் தாழ்ந்த ஒலியில் வானொலி கேட்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் நல்லது. அது உங்கள் மடிக்கு வரும் என்று என்னால் உறுதிகூற முடியாது. ஒருநாள் இரவு நீங்கள் உறங்கியபின் பெட்டியை விட்டு வெளியே வந்து, உங்கள் நாற்காலியின் காலில் கன்னத்தை உரசிவிட்டுப் போகும், உங்களுக்கே தெரியாது. விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.